கடையில் கிடைக்காத பாகம்
(செந்தூல் இரயில் பட்டறையின் வரலாறு)



பிள்ளைகள் விளையாடும் பொம்மை இரயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்ஜின் ஒருநாள் நின்றுவிடுகிறது. திறந்து பார்த்தால், உள்ளே இருக்கும் சிறிய பல்சக்கரத்தில் இரண்டு பல் உடைந்திருக்கிறது. கிள்ளான் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கினாலும் ஒரே பதில்தான்: "அந்த மாடல் இப்போது வருவதில்லை." சில காசு பெறுகிற ஒரு சக்கரத்துக்காக முழுப் பொம்மையும் குப்பைக்குப் போய்விடுகிறது.

பொம்மையைத் தூக்கி எறிந்துவிடலாம். ஒரு நாட்டின் சரக்கையும் மக்களையும் இழுத்துச் செல்லும் உண்மையான என்ஜினுக்கு இதே நிலை வந்தால் என்ன செய்வது? செய்து கொடுத்த கம்பெனியே மூடப்பட்டுவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? இந்தக் கேள்விக்குக் கோலாலம்பூரில், செந்தூலில், பல தலைமுறைத் தொழிலாளர்கள் கையாலேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். பால்வெட்டின் வரலாற்றை நம் வீடுகளில் பேசுகிறோம். பட்டறையின் வரலாற்றை அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று அதைச் சற்றுப் பேசுவோம்.

மலாயாவில் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் என்ற சிறு துறைமுகத்துக்குத் திறக்கப்பட்டது. எட்டு மைல் தூரம். ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அடுத்த ஆண்டே, 1886 செப்டம்பரில், சிலாங்கூரில் இரண்டாவது பாதை பிறந்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் இக்கரையில் உள்ள புக்கிட் கூடா வரைக்கும் அது போயிற்று. ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லாததால் இரயில் அங்கேயே நின்றுகொண்டது. 1890இல் கன்னாட் பாலம் கட்டிய பிறகே அது கிள்ளான் ஊருக்குள் நுழைந்தது. பின்னர் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தோடு இணைந்தது. அதைத்தான் இப்போது போர்ட் கிள்ளான் என்கிறோம். 1901இல் பேராக், சிலாங்கூர் பாதைகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்து, ஐக்கிய மலாய் நாடுகள் இரயில்வே என்ற பெயர் பெற்றன.

கம்பிச் சடக்கு போட்டவர்கள் யார் என்பதை நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. காடு வெட்டி, மண் கொட்டி, கட்டை அடுக்கித் தண்டவாளம் சுமந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தார்கள். ஒரே இரயில்வே, ஒரே மொழி, ஆனால் இருவரின் நாற்காலிகள் வேறு வேறு. அது தனிக் கதை.

ஈயத்துக்காகப் போட்ட பாதை பிறகு ரப்பருக்கு உதவியது. கிள்ளான், காப்பார் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டிய பால் உறைந்து, ஷீட்டாகி, புகையில் காய்ந்து, பெட்டியில் ஏறித் துறைமுகத்துக்குப் போனது இந்தப் பாதையில்தான். என்ஜின் நின்றால் தோட்டத்து ஸ்டோரில் சரக்கு தேங்கும். ஆகவே செந்தூல் பட்டறைக்கும் நம் லயத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தொடர்பு எப்போதும் இருந்தது.

இப்போது பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வருவோம். 1881இல் கோலாலம்பூர் ஒரு பெருந்தீயாலும் அதே ஆண்டு ஒரு வெள்ளத்தாலும் அழிந்தது. அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் கட்டவேண்டும் என்று முடிவாயிற்று. அந்தச் செங்கலைச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ்; செங்கல் சூளை என்பதே அதன் பொருள். சூளைகள் போனபின் அங்கே இரயில்வேயின் யார்டும் தொழிலாளர் குவார்ட்டர்ஸ்களும் வந்தன. விவேகானந்தர் ஆசிரமம் 1904இல் தோன்றியது. யாழ்ப்பாணத்தார் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில் எழுப்பினார்கள். வண்டிகளை நிறுத்தவும் கோக்கவும் ஒழுங்குபடுத்தவும் பிரிக்பீல்ட்ஸ். அவற்றைப் பிரித்துப் பழுது பார்க்கச் செந்தூல். வேலை இப்படிப் பிரிந்தது.

செந்தூலில் மத்திய இரயில் பட்டறை 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தோன்றியது. வார்ப்படச்சாலை, கொல்லுலை, பாய்லர் கொட்டகை, தச்சுக் கூடம், கடைசல் கூடம், வண்ணம் பூசும் கூடம் என்று ஒரு சிறு நகரமே அங்கே எழுந்தது. உச்ச காலத்தில் ஏறத்தாழ 5,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். தமிழரோடு சீனர், மலாய்க்காரர், சீக்கியர் எல்லாரும் இருந்தார்கள். காலைச் சங்கு ஊதினால் செந்தூல் முழுவதும் நடக்கத் தொடங்கும்.

அவ்வளவு பெரிய பட்டறை எதற்கு என்று கேட்கலாம். காரணம் எளிது. என்ஜின்கள் பெரும்பாலும் பிரிட்டனில் செய்யப்பட்டவை. ஒரு பாகம் உடைந்தால் கடிதம் எழுத வேண்டும். கடிதம் கப்பலில் போக வேண்டும். அங்கே அதைச் செய்து மறுபடி கப்பலில் அனுப்ப வேண்டும். அதுவரை என்ஜின் கொட்டகையில் கிடக்கும். அதற்குப் பதில் இங்கேயே செய்துகொள்வது மலிவு. வெள்ளைக்கார நிர்வாகம் நம் ஆட்களின் திறமையை வளர்க்க வேண்டும் என்று எண்ணிப் பட்டறை கட்டவில்லை. தூரம் அப்படிச் செய்ய வைத்தது.

ஒரு பாகத்தை எப்படிப் புதிதாகச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கணக்கும் விஞ்ஞானமும் இதற்குள் இருக்கின்றன.

வார்ப்பிரும்பால் ஆன ஒரு சிலிண்டர் மூடி உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வட்ட வடிவம், விட்டம் இரண்டு அடி. உடைந்த துண்டுகளைப் பொருத்தி, அதையே மணலில் அழுத்தி அச்செடுத்து, இரும்பை உருக்கி ஊற்றினால் போதாதா? போதாது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். ஓர் அடிக்கு ஏறத்தாழ 1/8 அங்குலம் குறையும். இரண்டு அடி மூடி கால் அங்குலம் சிறுத்துவிடும். ஆணித் துளை எதுவும் பொருந்தாது. ஆகவே முதலில் தச்சர் மரத்தால் ஒரு மாதிரி செய்வார். அந்த மாதிரி, வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்.

இதற்காக மாதிரித் தச்சர்களிடம் ஒரு வேடிக்கையான அளவுகோல் உண்டு. அதில் ஓர் அடி என்று குறித்திருக்கும். உண்மையில் அது 12 1/8 அங்குலம் நீளம் இருக்கும். சுருங்கப்போகும் அளவை அந்தக் கோலே சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை. பித்தளைக்கு வேறு கோல், எஃகுக்கு வேறு கோல். ஒவ்வோர் உலோகமும் வேறு வேறு அளவில் சுருங்கும். பொய் சொல்லும் அளவுகோல் என்று தோன்றும். ஆனால் ஆறிய பிறகு பாருங்கள், அது சொன்னதுதான் சரியாக இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பாகம் வருடக்கணக்கில் தேய்ந்திருக்கும். அதை அப்படியே அளந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே புதிதாகச் செய்துவிடுவோம். அனுபவசாலி என்ன செய்வார் தெரியுமா? தேயாத இடம் எது என்று தேடுவார். எதனோடும் உராயாத ஒரு மூலை, ஆணியின் தலைக்கு அடியில் மறைந்திருந்த ஒரு வட்டம், இவையே அவருக்கு உண்மை சொல்லும் சாட்சிகள். இணைந்து நிற்கும் மறு பாகத்தையும் அளப்பார். இரண்டையும் வைத்து, செய்தவன் முதலில் நினைத்த அளவு எது என்பதைக் கண்டுபிடிப்பார். வரைபடம் கையில் இருந்தால் நல்லது. இல்லாதபோது இதுவே வழி.

மர மாதிரியைச் சுற்றி ஈர மணலை இடித்து அடைத்து, மாதிரியை மெல்ல எடுத்தால் உள்ளே அதன் வெற்றிடம் நிற்கும். அதில் உருகிய இரும்பை ஊற்ற வேண்டும். மணலில் ஈரம் கூடினால் ஆவி கிளம்பி இரும்பைச் சிதறடிக்கும், ஆளையே கொன்றுவிடும். ஈரம் குறைந்தால் அச்சு உதிர்ந்துவிடும். எவ்வளவு ஈரம் என்பதற்கு அன்று கருவி பார்த்தவர்கள் குறைவு. ஒரு பிடி மணலை எடுத்து இறுக்கிப் பிடித்து உடைத்துப் பார்ப்பார்கள். பால்மரத்துப் பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது நம் வெட்டுக்காரருக்குக் கையில் தெரியும் அல்லவா? மரத்தின் உயிர்ப் பட்டையில் காயம் படாமல் பால் மட்டும் வடிய வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தின் உடன்பிறப்பு இது.

ஊற்றிய பின் அவசரப்படக்கூடாது. வேகமாகக் குளிர்ந்தால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். முழுவதும் ஆறிய பிறகு மணலை உதறி, லேத்தில் ஏற்றி, முகத்தைக் கடைந்து, துளையிட்டு, என்ஜினில் பொருத்திப் பார்ப்பார்கள். பொருந்தவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

எல்லாவற்றையும் புதிதாகவே வார்க்க வேண்டும் என்பதும் இல்லை. விரிசல் மட்டும் கண்டிருந்தால், அது ஓடும் இரு முனைகளிலும் சிறு துளை போடுவார்கள். விரிசல் அந்தத் துளைக்கு வந்ததும் மேலே ஓட முடியாமல் நின்றுவிடும். துணி கிழியும்போது முனையில் ஒரு முடிச்சுத் தையல் போடுகிறோமே, அதுபோல. அச்சின் மேல் உட்காரும் தாங்கிகளுக்கு ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகத்தைப் பூசுவார்கள். ஈயமோ தகரமோ சேர்ந்த அந்தப் பூச்சு தேய்வதற்காகவே வைக்கப்படுவது. விலை உயர்ந்த அச்சு தேயக்கூடாது என்பதற்காக விலை குறைந்த பூச்சு தேய்கிறது. தேய்ந்தால் உருக்கி எடுத்துவிட்டு மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

சக்கரத்தின் வெளிப்பட்டை மாற்றுவது நம் பெரியவர்களுக்குத் தெரிந்த வேலைதான். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லர் என்ன செய்வார்? பட்டையைச் சற்றுச் சிறிதாகச் செய்து, நெருப்பில் சுட்டு, விரிந்தபோது சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். சுருங்கிய பட்டை சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். என்ஜின் சக்கரத்துக்கும் இதே முறைதான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. 54 அங்குல விட்டமுள்ள சக்கரத்துக்குப் பட்டை ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஓர் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். குறைந்தால் பட்டை கழன்றுவிடும். கூடினால் ஓடும்போது பிளந்துவிடும்.

இந்தத் திறமை எவ்வளவு பெரியது என்பதைப் போர் காட்டியது. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் பிரிட்டனிலிருந்து ஓர் ஆணிகூட வராத நிலை ஏற்பட்டது. என்ஜின்களோ பிரிட்டிஷ் என்ஜின்கள். தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கும் சாக்குத் துணியுமாக மக்கள் காலம் தள்ளிய அதே ஆண்டுகளில், எண்ணெய்க்குப் பதில் செம்பனை எண்ணெயும், ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயும் பயன்பட்டன. கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு ஆட்களையும் கொண்டுபோனார்கள். சயாம் மரண இரயிலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் இல்லாத பழைய தோட்டம் நம் நாட்டில் அரிது. அவர்களுடைய பெயர்கள் எந்தப் பட்டறைப் பதிவேட்டிலும் இல்லை.

1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நேச நாட்டு விமானங்கள் வந்து கோலாலம்பூர் இரயில் பட்டறையையும் யார்டையும் குண்டு வீசித் தகர்த்தன. பாலத்தை உடைத்தால் வேறு பாலம் போடலாம். பழுது பார்க்கும் இடத்தை உடைத்தால் ஓடும் வண்டி எல்லாம் தானாகவே நின்றுவிடும். செந்தூலின் மதிப்பை அதன் முதலாளிகளைவிட அதன்மேல் குண்டு போட்டவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

போருக்குப் பின் இடிபாடுகளுக்கு நடுவே பட்டறை மறுபடி எழுந்தது. அப்போது பாதையில் முக்கியமாக ஓடியவை 56ஆம் வகுப்பு என்று அழைக்கப்பட்ட நீராவி என்ஜின்கள். 1938க்கும் 1946க்கும் இடையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி இவற்றைச் செய்தது. 60க்கும் மேல் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரின் பெயர் சூட்டினார்கள். தெமர்லோ என்ற பெயர் தாங்கிய என்ஜின் அவற்றில் ஒன்று. மூன்று சிலிண்டர், நடுச் சிலிண்டர் சட்டத்துக்குள் மறைந்திருக்கும். ஆவியை விட்டு அடைக்கும் வால்வுகளை இயக்கச் சுழலும் கேம்கள். அழகான என்ஜின், ஆனால் பிட்டருக்குச் சுலபமான என்ஜின் அல்ல. முன்பு பத்து ஆராங் நிலக்கரியை எரித்தவை, போருக்குப் பின் எண்ணெய் எரிப்பதற்கு மாற்றப்பட்டன. பத்து ஆராங் சுரங்கமும் 1960இல் மூடப்பட்டது.

1962இல் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி நொடித்து மூடப்பட்டது. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய என்ஜின் கம்பெனியாக இருந்தது அது. இங்கே அதன் என்ஜின்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. நீராவி நம் பாதைகளை விட்டுப் போக மேலும் பத்தாண்டு ஆயிற்று. அந்தப் பத்தாண்டும் பாகம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி செந்தூலின் வார்ப்படச்சாலையிலிருந்து. இன்னொரு பகுதி, ஓய்வு கொடுத்து ஓரமாக நிறுத்திய என்ஜின்களிலிருந்து. பத்தில் இரண்டைக் கழற்றி எட்டை ஓட்டுவது; பிறகு எட்டில் மூன்றைக் கழற்றி ஐந்தை ஓட்டுவது. வேலை நடக்கும், ஆனால் இதில் ஒரு முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கழற்ற என்ஜின் தீர்ந்த அன்று கடைசி வண்டியும் நிற்கும். வார்த்துச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அந்த முடிவு இல்லை.

1957 முதல் வந்த டீசல் என்ஜின்களும் இதற்கு விலக்கல்ல. அவற்றில் முதல் 26ஐச் செய்து தந்த இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனி 1968இல் வேறொரு நிறுவனத்தோடு கலந்து மறைந்தது.

ஓர் ஆணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களின் ஆணிகளில் விட்வொர்த் மரை இருக்கும். ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் 1841இல் வகுத்த அளவு அது. மரையின் கோணம் 55 பாகை. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் ஆணியின் கோணம் 60 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டு சுற்று ஏறும். மூன்றாவது சுற்றில் இறுகிவிடும். முரட்டுத்தனமாகத் திருகினால் துளையின் மரையும் கெட்டுவிடும். நம் நாடு 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியபோது, பழைய ஆணி, பழைய ஸ்பேனர், பழைய மரைக் கருவி எல்லாம் கடைகளிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. வீட்டில் பழைய தையல் இயந்திரமோ சைக்கிளோ வைத்திருப்பவர்கள் இந்தத் தொல்லையை அறிவார்கள்.

இவ்வளவு நுட்பமான வேலை செய்தவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன? நீண்ட காலம் அவர்களில் பெரும்பாலோர் நாள்கூலிக்காரர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை என்று வாழ்ந்த நமக்கு இது புதிதல்ல. 1962 டிசம்பர் கடைசியில் மலாயா இரயில்வே தொழிலாளர் சங்கம் வேலை நிறுத்தம் தொடங்கியது. மூன்று வாரங்களுக்கு மேல், 1963 ஜனவரி வரை இரயில்கள் நின்றன. முக்கியக் கோரிக்கை மாதச் சம்பளம். அப்போராட்டத்தின் பயனாக அதற்கு வழி பிறந்தது. தோட்டத் தொழிலாளர்களோ அதே மாதச் சம்பளத்தை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கடல் கடந்து ஒரு நிமிடம் பார்ப்போம். நம் முன்னோரில் மிகப் பலர் கப்பல் ஏறியது நாகப்பட்டினத்தில். அதே நாகப்பட்டினத்தில்தான் தென்னிந்திய இரயில்வேயின் பட்டறையும் இருந்தது. பிறகு அது திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தின்போது, 1928இல், ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் வேலை நிறுத்தம் நடந்தது. வேலையில் நீடிக்கத் தொழில் தேர்வு எழுத வேண்டும் என்று, வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களிடமே நிர்வாகம் சொன்னதுதான் தொழிலாளரைக் கொதிக்க வைத்தது.

அந்தப் பொன்மலைப் பட்டறை பிற்காலத்தில் செய்த ஒரு காரியம் நம் தலைப்புக்கு நேராகப் பொருந்துகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்குப் போகும் மலை இரயிலை நீங்கள் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் திறக்கப்பட்டது. மிகச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏறும் பாதை அது. சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இரட்டையாக ஓடுகிறது. என்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. இந்த எக்ஸ் வகுப்பு என்ஜின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துக் கம்பெனி. கடைசியாக வந்தவை 1952இல். அதற்குப் பிறகு புதிது வரவில்லை. கடைசியில் அந்தக் கம்பெனியும் 1990களின் இறுதியில் பிரிந்து கைமாறிப் போயிற்று. உலகில் வேறெங்கும் இதே என்ஜின் ஓடவில்லை என்பதால் கழற்றிக்கொள்ளவும் வழியில்லை.

பல ஆண்டுகள் பொன்மலைக்காரர்கள் பாகம் பாகமாகச் செய்துகொடுத்து அந்தக் கிழ என்ஜின்களை ஓட வைத்தார்கள். பல்சக்கரம், சிலிண்டர், பாய்லர் என்று ஒவ்வொன்றாகச் செய்து செய்து, கடைசியில் முழு என்ஜினையும் செய்யும் அறிவு அவர்கள் கையில் சேர்ந்துவிட்டது. 2011 முதல் எண்ணெயில் ஓடும் புதிய எக்ஸ் வகுப்பு என்ஜின்கள் நான்கை அவர்களே கட்டினார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் கட்டி முடித்தார்கள். பழுது பார்ப்பவன் படைப்பவனுக்குக் கீழ்ப்பட்டவன் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

இங்கிலாந்தின் நிலையோ நேர்மாறு. நீராவி ஆர்வலர்கள் பணம் திரட்டி டொர்னேடோ என்ற என்ஜினைப் பழைய வரைபடங்களைக் கொண்டு புதிதாகக் கட்டினார்கள். 2008இல் அது ஓடியது. ஆனால் அதன் பாய்லரை ஜெர்மனியில் மைனிங்கன் என்ற ஊரில்தான் செய்ய வேண்டியிருந்தது. உலகத்துக்கே என்ஜின் விற்ற நாட்டில் அந்த வேலையை ஏற்கக்கூடிய பட்டறை இல்லை. வரைபடம் அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதை இரும்பாக்கும் கைகள்தான் கலைந்து போயிருந்தன.

நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். 1995இல் கேடிஎம் கொமுட்டர் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1886இல் பிறந்த அதே கிள்ளான் பாதையின்மேல்தான் இப்போது மின்கம்பி போகிறது. முதலில் வந்தவை மூன்று நாட்டு வண்டிகள். ஆஸ்திரியாவின் ஜென்பாகர் செய்தவை 18, தென்னாப்பிரிக்காவிலிருந்து 22, தென்கொரியாவிலிருந்து 22. மூன்றுக்கும் வேறு வேறு பாகம், வேறு வேறு கைமுறை. ஜென்பாகரின் இரயில் பிரிவு சில ஆண்டுகளிலேயே கைமாறி முடிவுக்கு வந்தது. பாகம் கிடைக்காமல் வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரம் கட்டப்பட்டன. 2000களின் கடைசி ஆண்டுகளில் ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் நிலைய மேடையில் நெடுநேரம் காத்து நின்றவர்கள் இப்பேச்சைக் கேட்பவர்களில் நிச்சயம் இருப்பார்கள். 2012இல் சீனாவிலிருந்து ஆறு பெட்டி வண்டிகள் 38 வந்த பிறகே நெரிசல் தளர்ந்தது.

நீராவி என்ஜினின் மூடியை மரத்தில் மாதிரி செய்து வார்க்கலாம்; மின்சார வண்டியின் எலக்ட்ரானிக் அட்டையை அப்படி வார்க்க முடியாது என்று சொல்வார்கள். அது உண்மைதான். எனினும் இன்று வேறு வழிகள் வந்திருக்கின்றன. பழைய பாகத்தை ஒளிக்கதிரால் அளந்து கணினியில் வடிவமாக்கி, அதைக்கொண்டு அச்சுப் பொறியிலேயே மாதிரி எடுக்கிறார்கள். பொம்மை இரயிலின் உடைந்த பல்சக்கரத்தைக்கூட இப்படிச் செய்துகொள்ளும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை. தேய்ந்த பாகத்தை அளந்தால் தேய்மானமும் சேர்ந்தே வரும். தேயாத இடம் எது என்று இன்றும் ஒருவர் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸின் பழைய யார்டு இருந்த நிலத்தில் 2001 முதல் கேஎல் சென்ட்ரல் நிலையம் நிற்கிறது. இரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைகள் இடிக்கப்பட்டுவிட்டன. செந்தூல் பட்டறையின் வேலைகள் பேராக் மாநிலத்தின் பத்து காஜாவுக்கு மாறிப் போயின. செந்தூலில் எஞ்சிய இரயில்வே கட்டடம் ஒன்று 2005 முதல் நாடக அரங்கமாக இருக்கிறது. சுற்றிலும் பூங்காவும் அடுக்குமாடி வீடுகளும். அங்கே நாடகம் பார்க்கப் போகிறவர்கள் பழைய செங்கல் சுவரைச் சற்று அண்ணாந்து பார்க்கலாம். பட்டறைக் காலத்துச் செங்கல்தான் அது.